நூறு ரூபாய் டி-ஷர்ட்டின் புகழ்

நூறு ரூபாய் டி-ஷர்ட்டே, உன்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதியே தீரவேண்டும். நீ செய்திருக்கும் காரியங்கள் லேசானவை அல்ல. சென்னை ரங்கநாதன் தெருவில் குவிந்து கிடக்கிறாய். திருப்பூர் காதர்பேட்டையில் செகண்ட்ஸ் கட்டுகளாக விலைபோகிறாய். ஊர்த் திருவிழாவில் தார்ப்பாய் விரித்த கடையில், 'எதை எடுத்தாலும் நூறு' என்ற கூவலுக்கு நடுவே கிடக்கிறாய். உன்னை வாங்க யாரும் யோசிப்பதில்லை. வாங்கியதை நினைவில் வைத்துக்கொள்வதும் இல்லை. இவ்வளவு எளிமையாக மனிதர் வீட்டுக்குள் வந்து போகும் பொருள் வேறு எது?

முதலில் உன் நியாயத்தைச் சொல்ல வேண்டும். யார் எதை உடுத்தலாம் என்று சாதி விதித்த மண் இது. தெற்குத் திருவிதாங்கூரில் தோள்சீலை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் சுமார் அரை நூற்றாண்டு அடிபட்டார்கள். 1859-இல்தான் அரச ஆணை இறங்கி வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. நீ யாரிடமும் சாதி கேட்கவில்லை. கட்டிட வேலைக்குப் போகிறவரும் ஐ.டி. கம்பெனிக்குப் போகிறவரும் ஞாயிற்றுக்கிழமை உன்னைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு ஒரு புதுத்துணி, மிச்ச நாளெல்லாம் பள்ளிச் சீருடை என்று வளர்ந்த தலைமுறையின் பிள்ளைகளுக்கு இன்று அலமாரி நிறையத் துணி இருக்கிறது.

வேலையும் கொடுத்தாய். பண்ணை வேலைக்குக் கைகட்டி நின்ற குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூருக்கு பஸ் ஏறினார்கள். கைமடிக்கப் பழகி, செக்கிங் பழகி, ஓவர்லாக் மிதித்து, டெய்லர் ஆனார்கள். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்தது. ஊரில் யாரையும் 'சாமி' என்று கூப்பிட வேண்டிய அவசியம் தீர்ந்தது. பிறகு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயில் ஏறி வந்தவர்களுக்கும் நீயே சோறு போட்டாய். இதில் ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறப்போவதில்லை.

உடையின் கடமை மறைப்பது. அந்தக் கடமையில் உன்னை மிஞ்சிய உடுப்பு பிறக்கவில்லை. பட்டும் கதரும் உடம்பைத்தான் மறைத்தன. நீ ஓர் ஆற்றையே மறைத்தாய்.

உன் நிறத்தின் உறுதியை எப்படிப் பாராட்டுவது! நூறு ரூபாய்க்கு வாங்கியும் சிவப்பு சிவப்பாகவே நிற்கிறது. அதன் ரகசியம் உப்பு. பருத்தி தானாகச் சாயத்தை எளிதில் ஏற்காது. தொட்டியில் உப்பைக் கொட்டினால்தான் சாயம் நீரை விட்டு நூலைப் பிடிக்கும். துணியின் எடையில் கணிசமான பங்குக்கு உப்பு தேவைப்படும். ஆனால் அந்த உப்பு துணியில் தங்காது. சாயத்தைத் துணியிடம் ஒப்படைத்துவிட்டு, கழிவுநீரோடு வெளியே போய்விடும். உன்னிடம் நிறம் மட்டும் மிஞ்சும். உப்பு முழுவதும் நொய்யலுக்குப் போயிற்று.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியைச் சேரும் ஆறு நொய்யல். குளங்களைச் சங்கிலி போலக் கோத்து முன்னோர் பாசனம் செய்த ஆறு. அதில் நீ எல்லா நிறங்களையும் ஓடவிட்டாய். 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் நனைக்க வேண்டிய அணை. சில ஆண்டுகளிலேயே அது உன் சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று அதன் ஆயக்கட்டு விவசாயிகளே கோரும் நிலை வந்தது. மழைக்காக வேண்டிக்கொள்ளும் கொங்கு விவசாயியை, நிறைந்த அணையைப் பார்த்துக் கலங்க வைத்தாய். ராஜாக்களாலும் பஞ்சங்களாலும் செய்ய முடியாத காரியம் அது.

கிணறுகளிலும் நீ இறங்கினாய். ஆற்றோரக் கிராமங்களில் கிணற்று நீர் உப்பேறிற்று. தென்னை காய்ந்தது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இழப்பைக் கணக்கிட அமைக்கப்பட்ட ஆணையம் 28,000-க்கும் மேற்பட்ட விவசாயிகளைப் பாதிக்கப்பட்டவர்கள் என்று கண்டறிந்து இழப்பீடு நிர்ணயித்தது. பணம் கொடுத்தாலும் மண்ணிலிருந்து உப்பை யார் பிரித்தெடுப்பது? அந்த மண்ணில் மறுபடி மஞ்சளும் நெல்லும் விளைய எத்தனை மழை வேண்டும்?

உன் பொறுமையும் பெரிது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2006-இல் உயர் நீதிமன்றம், கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்றது. நீ காத்திருந்தாய். உச்ச நீதிமன்றத்துக்கும் வழக்கு போயிற்று. நீ காத்திருந்தாய். 2011 ஜனவரி 28-இல், ஆணையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. அந்த மாதங்களில் திருப்பூரில் வாடகை வீடுகள் காலியாயின. சாயப்பட்டறையில் நின்று கை நிறம் மாறியவர்கள்தான் முதலில் பட்டினி கிடந்தார்கள். உன்னை வாங்கும் கடைகளில் ஒரு நாளும் அலமாரி காலியாகவில்லை.

அதன்பின் திருப்பூர் செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் உன் சாமர்த்தியம் அங்கேதான் முழுதாகத் தெரிகிறது. ஊர் கடன் வாங்கியது. அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு பரவல் எந்திரங்களும் ஆவியாக்கும் கொதிகலன்களும் வந்தன. கழிவுநீரை வடித்து, காய்ச்சி, உப்பைப் பிரித்து, நீரையும் உப்பையும் திரும்பச் சாயத்தொட்டிக்கே அனுப்புகிறார்கள். உலகில் வேறு பல சாய ஊர்கள் இன்றும் செய்யாத வேலை இது. செலவு அதிகம். கொதிகலன் நாளெல்லாம் எரிய வேண்டும். மறுபடி பயன்படாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக நிலையங்களிலேயே கிடக்கிறது. இந்தச் செலவைக் கேட்டதும் வெளிநாட்டு வாங்குநர் விலையை உயர்த்தினாரா? உயர்த்தவில்லை. ஆற்றைக் காப்பாற்றும் ஊரும் ஆற்றைக் கெடுக்கும் ஊரும் ஒரே விலைக்குப் போட்டியிட வேண்டும் என்று நீ வைத்த சட்டம் அப்படியே நிற்கிறது. எந்த ஊரின் ஆறு மலிவு, எந்த ஊரின் தோள் மலிவு என்று உனக்குத்தான் துல்லியமாகத் தெரியும். காவிரிக் கரையில் பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் அனுமதியில்லாச் சாயப்பட்டறைகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இடிப்பதும், அவை மறுபடி முளைப்பதும் ஓய்ந்தபாடில்லை. ஒரே ஆற்றை நம்பி வாழும் பழக்கம் உனக்கு என்றுமே கிடையாது.

தாகத்திலும் உன்னை வெல்ல ஆளில்லை. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் செடி முதல் தையல் வரை ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகிறது என்று உலக வனவிலங்கு நிதியம் கணக்கிட்டது. ஒருவர் இரண்டரை ஆண்டு குடிக்கும் நீர் அது. மத்திய ஆசியாவில் பருத்திக்காக 1960-களிலிருந்து அமு, சிர் என்ற இரு நதிகளை வாய்க்கால்களில் திருப்பினார்கள். உலகின் நான்காவது பெரிய ஏரியாயிருந்த ஏரல் கடல் வற்றியது. உஸ்பெகிஸ்தானின் மொய்னாக் துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் நிற்கின்றன.

பெண் பிள்ளைகளிடம் நீ காட்டிய அக்கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு நகை சேர்க்க முடியாத பெற்றோரின் கவலையை உன்னைவிட நன்றாக யார் புரிந்துகொண்டார்கள்? மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி நூற்றால், முடிவில் மொத்தமாக ஒரு தொகை. அந்தத் திட்டத்துக்குச் சுமங்கலி என்று பெயர் வழங்கிற்று. பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் வேனில் ஏறிப் போனார்கள். விடுதி வாசலில் காவல். வீட்டுக்குப் போன் பேச ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். மூன்று வருடம் முடியுமுன் உடம்பு முடியாமல் திரும்பினால் மொத்தத் தொகை போயிற்று. பஞ்சுத் தூசியை மூச்சில் ஏந்தி வந்த பெண்ணுக்கு எந்த மில்லும் பிறகு பதில் சொல்லவில்லை. மாதவிடாய் வலிக்கும் நீ மருந்து வைத்திருந்தாய். தமிழ்நாட்டுத் தையல் ஆலைகளில் மருத்துவர் சீட்டு இல்லாமல், பெயர் தெரியாத மாத்திரைகளைக் கொடுத்து வேலையை நிற்காமல் ஓட்டினார்கள் என்று நூறு பெண்களிடம் பேசி 2019-இல் ஒரு செய்தி நிறுவனம் எழுதியது. வலியை நிறுத்தியது அந்தப் பெண்ணுக்காக அல்ல, அன்றைய பீஸ் கணக்குக்காக. உன் அக்குள் தையல் நேராக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வருகிறது.

2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், வெளிநாட்டுப் பிராண்டுகளுக்குத் தைத்த ஆலையில் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டாள். மேற்பார்வையாளர் கைதானார். அந்தச் சாவை உன்னால் மறைக்க முடியவில்லை. பெண்களே தலைமையேற்று நடத்தும் தொழிற்சங்கம் ஒன்று விடவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பாலியல் துன்புறுத்தலைக் கவனித்துச் சொல்ல ஒவ்வொரு லைனிலும் தொழிலாளர்களே பொறுப்பேற்றார்கள். வாங்கும் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டது. லேபிளில் துவைக்கும் முறையை மட்டுமே எழுதிப் பழகிய உன் வரலாற்றில், தைத்தவளின் பாதுகாப்புக்காக எழுதப்பட்ட தாள்கள் எத்தனை குறைவு!

கட்டிடங்களையும் நீ உயர்த்தினாய். டாக்கா அருகே சாவாரில் ராணா பிளாசாவுக்கு எட்டு மாடி. 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கியும் கடைகளும் மூடின. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் இல்லை என்று. மறுநாள் காலை கட்டிடம் விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். இடிபாட்டில் உன் லேபிள்களைத் தேடி எடுத்துத்தான் யாருக்காக அங்கே தைத்தார்கள் என்பதையே நிரூபிக்க வேண்டியிருந்தது. அவ்வளவு நேர்த்தியாக நீ மறைத்திருந்தாய்.

இளமையும் உன்னிடம் மாறாதது. நீ எப்போதும் புதியவன், ஏனென்றால் பழையவனாக உன்னை யாரும் விடுவதில்லை. 2000-க்குப் பிறகான பதினைந்து ஆண்டுகளில் உலகின் துணி உற்பத்தி ஏறத்தாழ இரட்டிப்பானது. ஒரு துணியை உடுத்தும் தடவைகளோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. அப்பாவின் வேட்டி கிழிந்து, குழந்தைக்குத் தூளியாகி, தூளி நைந்து, அடுப்படியில் பிடிதுணியாகி மடிந்த வீடுகள் இவை. உனக்கு அப்படி நீண்ட ஆயுள் வேண்டாம். அதிலும் பாலியஸ்டர் கலந்தவனாக நீ வந்தால், ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்த்து, வாய்க்கால் வழியே கடலுக்கும் உன் கொடையை அனுப்பி வைக்கிறாய்.

கடைசியாக உன் பயணம். பானிபட்டுக்குப் போய் நாராகக் கிழிபட்டுப் போர்வையாகும் சில சகோதரர்கள் உனக்கு உண்டு, அவர்கள் பாக்கியசாலிகள். சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், ஆல்டோ ஓஸ்பிசியோ ஊரோரம், ஆண்டுக்கு ஏறத்தாழ 39,000 டன் துணி கொட்டப்படுவதாக 2021-இல் செய்தி வந்தது. மழையே அறியாத அந்த மண்ணில் மலையாகக் கிடந்தாய். மறு ஆண்டு எரிந்தாய். கானாவின் தலைநகர் அக்ராவில் கண்டமான்டோ சந்தைக்கு வாரம் ஒன்றரைக் கோடி பழைய உருப்படிகள் வருவதாக அங்கே பணிபுரியும் ஓர் அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. நாட்டின் வடக்கிலிருந்து பிழைக்க வந்த இளம்பெண்கள் ஐம்பது கிலோவுக்கு மேற்பட்ட உன் பேல்களைத் தலையில் சுமந்து, கழுத்தெலும்பு தேய நடக்கிறார்கள். கட்டைப் பிரித்துப் பார்க்காமலே வியாபாரி கடன் வாங்கி உன்னை எடுக்க வேண்டும். பிரித்தால் பாதி கறையும் கிழிசலும் இருந்தாலும் கடன் அவருடையது. விற்காதது சாக்கடைக்கும் கடற்கரைக்கும் போகிறது. 2025-இன் முதல் நாள்களில் அந்தச் சந்தை தீப்பிடித்து ஆயிரக்கணக்கான கடைகள் சாம்பலாயின.

அந்த வியாபாரிகள் 2023-இல் பிரஸ்ஸல்ஸ் வரை போனார்கள். துணியைச் செய்து விற்ற நிறுவனங்கள் அதன் குப்பைக்கும் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் குப்பை வந்து சேரும் ஊருக்கும் பங்கு வேண்டும் என்று ஐரோப்பிய அதிகாரிகளிடம் நேரில் கேட்டார்கள். பிரான்சில் 2007 முதலே அப்படி ஒரு கட்டணச் சட்டம் இருக்கிறது. ஒவ்வோர் உருப்படிக்கும் சில காசுகள் வசூலாகின்றன. அதில் பெரும்பகுதி பிரான்சுக்குள்ளேயே செலவாகிறது. நீ மட்டும் கப்பலேறி, வாரம் தவறாமல், அக்ராவுக்கு வந்துகொண்டிருக்கிறாய்.