பகலுணவுக்கு முன் ஒரு நதி

நதியென்றால் அதற்கு உற்பத்தி ஸ்தானம் ஒன்றும், உபநதிகள் சிலவும், கழிமுகம் ஒன்றும் இருந்தே தீரும் என்று பிள்ளைகளுக்கு ஆயுள் முழுவதும் கற்பித்துவிட்டு, அவற்றுள் ஒரு நதியையேனும் தலை முதல் கால் வரை தம் கண்ணால் காணாமலே ஓய்வு பெற்றுவிட்டோமே என்ற ஏக்கம் என் நண்பரான பூகோள வாத்தியாருக்கு நெடுநாளாக உண்டு. காவிரியைப் பார்க்கலாமென்றால், தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை ஏறத்தாழ 800 கிலோமீட்டர் அலைய வேண்டும்; நடுவில் இரண்டு மாநிலங்களின் வழக்கு வேறு. ஆகவே மலையும் கடலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பிரதேசம் எது என்று அட்லாஸைப் புரட்டி, அண்டமானைத் தேர்ந்தெடுத்தார். துணைக்கு என்னைத் தேர்ந்தெடுத்ததற்கு, பிரசங்கம் கேட்டுப் பழகிய காது எனக்கு உண்டு என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

போர்ட் பிளேரிலிருந்து (2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று நாமகரணம் ஆகிவிட்டது) விடியுமுன் புறப்பட்ட பஸ், ஜாரவாப் பழங்குடியினரின் வனத்தினூடே போலீஸ் காவலோடு வரிசையில் ஊர்ந்து, மிடில் ஸ்டிரெய்ட்டில் தானே படகேறிக் கடந்து, எங்களை வட அண்டமானின் திக்லிபூரில் கொண்டு சேர்த்தபோது இருட்டிவிட்டது. வழி நெடுக வாத்தியார் மௌனமாயிருந்தது குலுக்கலினால்தானே ஒழிய, விஷயம் இல்லாமையால் அன்று.

மறுநாட் காலையில் சாடில் பீக் கண்ணில் பட்டதும் விஷயம் வந்துவிட்டது. "உயரம் 732 மீட்டர், அண்டமான் நிக்கோபார் தீவுகளிலேயே இதுதான் பெரிய மலையாம். நம்முடைய தொட்டபெட்டா 2,637 மீட்டர், ஓய்! அதற்கு முன்னால் இது பிள்ளையார் மேடு" என்றார். தொட்டபெட்டாவின் தலைவரையில் காரில் போய் இறங்கி மிளகாய் பஜ்ஜி தின்றுவிட்டு வருகிறோம் என்பதையும், இங்கேயோ கடல் மட்டத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மீட்டரையும் சொந்தக் காலால் சம்பாதிக்க வேண்டும் என்பதையும் நான் எடுத்துரைக்கவில்லை. மலையே எடுத்துரைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லாமியா பே என்னும் விரிகுடாவில் வனத்துறையின் அனுமதிச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, ராஞ்சிக்கார இளைஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டோம். ராஞ்சிக்காரர் என்றால் ராஞ்சியைக் கண்டவர் என்று அர்த்தமில்லை. காடு வெட்டுவதற்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். ஹிந்தி பிரசார சபையில் ராஷ்டிரபாஷா வரை தேறியவராகிய வாத்தியார், அந்த இளைஞர் பேசிய தீவு ஹிந்தியில் ஆண்பால் பெண்பால் விவகாரங்களை அவ்வப்போது திருத்திக்கொண்டே வந்தார். அவரோ சிறிதும் கோபியாமல், அதே வாக்கியத்தைப் பழையபடியே மறுமுறை சொல்லிக்கொண்டு முன்னே நடந்தார்.

அம்மலையிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஓடையே எங்கள் நதி; ஆராய்ச்சியை அதன் கழிமுகத்திலிருந்து தொடங்குவதென்று திட்டம். ஆனால் உப்புநீர் முதலைகள் உலாவும் இடம் என்று எச்சரிக்கும் பலகையொன்றை ஓடை முகத்தில் கண்டவுடன், கழிமுகத்தைப் பொறுத்தவரை பாடப்புத்தகத்தில் உள்ளதே போதுமானது என்று அவர் தீர்மானித்துவிட்டார். தூர நின்றபடியே, 2004-ஆம் ஆண்டு பூகம்பத்தில் வட அண்டமானின் கரை மேலே எழும்பியதையும், தெற்கே கிரேட் நிக்கோபாரில் இந்திரா முனைக் கலங்கரை விளக்கத்தின் அடிவாரம் கடலுக்குள் போய்விட்டதையும் விளக்கினார். ஒரே அசைவில் தீவுக் கூட்டத்தின் ஒரு தலை ஏற மறு தலை இறங்கிற்று என்று அவர் சொன்னபோது, உண்மையிலேயே எனக்குச் சிறிது பயமாயிருந்தது.

ஓடைக்குப் பெயர் என்னவென்று கேட்டதற்கு, "நாலா" என்றார் வழிகாட்டி. அடுத்த ஓடைக்கும் அதே பெயர்தான். மலையின் நீரில் பெயரும் புகழும் பெற்றது கல்போங் ஒன்றே. அதன்மேல் 2001-இல் அமைந்த 5.25 மெகாவாட் மின்நிலையம்தான் அத்தீவுகளின் முதல் நீர்மின் நிலையம். எங்கள் நாலாவுக்கு அத்தகைய உத்தியோகம் ஒன்றும் கிடையாது.

கரையோரப் பாதையை விட்டு, வழிகாட்டியின் பின்னால் ஓடைப்படுகையிலேயே ஏறினோம். சற்று நேரத்தில் இரு புறமும் பாறைச் சுவர்கள் நெருங்கி வந்தன. மேலேயிருந்து வேர்கள் தொங்கின. வானம் ஒரு முழ அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. வேட்டியை வரிந்து கட்டி, குடையை ஒரு கையிலும் மூக்குப்பொடி டப்பியை மறு கையிலும் உயர்த்திப் பிடித்தவாறு, மார்பளவு நீரில் நின்று, "இதுதான் நதியின் இளமைப் பருவம், பள்ளத்தாக்கு ஆங்கில 'வி' எழுத்துப்போல் இருப்பதைக் கவனியும்" என்று அவர் உபதேசித்த காட்சியை அவருடைய பழைய மாணாக்கர்கள் பார்த்திருந்தால், பூகோளத்தில் எவனும் தவறியிருக்க மாட்டான்.

அண்டமான் காட்டில் புலியில்லை, சிறுத்தையில்லை, கரடியில்லை. அத்தனை பேருடைய வேலையையும் அட்டை ஒன்றே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இலை நுனியில் ஒரு முனையை ஊன்றி, மறு முனையை அந்தரத்தில் நீட்டி, இடமும் வலமுமாக ஆட்டிக் கொஞ்சம் யோசிக்கிறது; பிறகு ஐயமின்றி நம் பக்கமே திரும்புகிறது. புகையிலைக்கு அட்டை அஞ்சும் என்று வாத்தியார் தம் கால்களில் மூக்குப்பொடியைத் தாராளமாகத் தேய்த்துக்கொண்டார். அட்டைகள் அஞ்சினவோ என்னவோ, அவர் தும்மிய தும்மலுக்கு முன்னால் போன வழிகாட்டி அஞ்சிவிட்டார்.

இறுதியில் உற்பத்தி ஸ்தானத்துக்கு வந்தோம். வந்தோம் என்று சொல்வதும் கடினம். அழுகிய சருகுகளுக்கு அடியிலிருந்து இங்கொரு கசிவு, அங்கொரு கசிவு, பாறை இடுக்கில் மற்றொன்று. மூலம் எது என்று வழிகாட்டியைக் கேட்டால், கையை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுகிறார். தலைக்காவிரியிலே குண்டிகை கட்டி, அர்ச்சகரை வைத்து, இதுதான் மூலம் என்று பெரியோர் நிர்ணயித்திருக்கிறார்கள்; இங்கே நிர்ணயிக்க ஆளில்லை. வெகு நேரம் சிந்தித்தபின் வாத்தியார் தாமே ஒரு கசிவைத் தேர்ந்தெடுத்து, "இது மூலம்" என்று பிரகடனம் செய்து, சருகோடு ஒரு கை நீரை அள்ளித் தம் சிரசில் புரோக்ஷித்துக்கொண்டார். தீர்த்தத்தோடு ஓர் அட்டையும் அவர் சிரசில் அமர்ந்தது. நான் சொல்லவில்லை, அந்தச் சமயத்தில் குறுக்கே பேசுவது மரியாதையாகாது.

உச்சிக்குப் போகவில்லையா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உச்சியில் மேகமும் மரமும்தான் மிகுதி. இடுக்கில் இறங்கும் நீருக்கு அது ஈடாகாது என்பதே என் அபிப்பிராயம். மழை ஓய்ந்து ஓடைகள் வற்றாதிருக்கும் தை மாதத்தில் செல்லுங்கள். வெளிச்சத்திலேயே திரும்பியாக வேண்டுமாகையால் காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். மூக்குப்பொடி வேண்டுமானால் ஊரிலிருந்தே வாங்கிக்கொண்டு போங்கள். நாங்கள் கேட்ட திக்லிபூர்க் கடைகள் ஒன்றிலும் கிடைக்கவில்லை.