மகனுக்குத்தான் 18, மருமவனே!

வா மருமவனே, உக்காரு. கலஹாச் சந்தியில ஒன் பேச்சுத்தான். மகனுக்கு 18 முடிஞ்சிருச்சு, இனித் தாபரிப்புக் காசு கட்டத் தேவையில்லன்னு ஊருக்கே டீயும் வடையும் வாங்கிக் குடுத்தியாமே! புள்ள ஆளானதுக்கு அப்பன் சந்தோசப்படறது நல்ல பழக்கந்தான். அந்த வடைக் காச வச்சிருந்தா, கண்டிக் கோட்டுக்குப் போக பஸ்ஸுக்காச்சும் ஆகியிருக்கும்.

18ஓட கணக்கு முடிஞ்சிச்சுன்னு யாரு சொன்னா? ஸ்டாண்டுல கூட ஆட்டோ ஓட்டுற கூட்டாளியா? அந்த வக்கீலய்யா இன்னும் 1889ஆம் வருசத்து வெள்ளக்காரன் சட்டத்துலயே நிக்கிறாரு போல. அதத் தூக்கிட்டு 1999லயே 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் வந்தாச்சு. 18 தாண்டி 25 வரைக்கும், தன்னத் தானே பாத்துக்க வழியில்லாத புள்ளைக்கு, வசதியுள்ள தாய் தகப்பன் காசு குடுக்கணும்னு நீதவான் கட்டளை போடலாம். ஒடம்பாலயோ மனசாலயோ முடியாத புள்ளைன்னா வயசுக் கணக்கே கெடையாது.

ஒனக்கும் ஒரு சந்து இருக்கு, மறைப்பானேன். பய தானே ஒழைச்சுப் பொழைச்சா அவனுக்குக் கேக்க வழியில்ல. ஆனா அவன் இப்பதான ஏ.எல். எழுதிட்டு ரிசல்டுக்குக் காத்துக்கிட்டு இருக்கான்? பேராதனைக் கெம்பஸ் கெடச்சா, பட்டத்தோட வெளிய வர்றப்ப வயசு 23, 24 ஆயிரும். அதுவரைக்கும் அவன் ஹந்தானைக் காத்தக் குடிச்சா படிப்பான்?

“எங்கிட்ட வசதி ஏது மாமா?”ன்னு கோட்டுல கேக்கப் போறியா? தாராளமாக் கேளு. ஆனா அன்னிக்கு ஆட்டோவ வாசல்ல நிப்பாட்டிறாத. நாலு ஸ்பீக்கரு, நீல லைட்டு, செவப்பு ரெக்சின் சீட்டு. அதுக்குமேல ‘தந்தை சொல் மிக்க மந்திரமில்லை’ன்னு ஸ்டிக்கர் வேற! ஒனக்கு எதிரா சாட்சி சொல்ல வேற ஆளு வேணுமா?

கட்டளை வந்தப்புறம் கட்டலன்னா, பாக்கி நிக்கிற ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு மாசம் வரைக்கும் மறியல். மாசச் சம்பளக்காரனுக்குச் சம்பளத்துலயே வெட்டிருவாங்க. ஒன்னைய மாதிரி ஓட்டுறவன் உள்ள போய்த்தான் வரணும். முந்தியாச்சும் டவுனுக்கு நடுவுலயே போகம்பறை இருந்திச்சு. சந்தைக்கு வந்தவங்க அப்புடியே எட்டிப் பாத்துட்டுப் போவாங்க. அத மூடி பல்லேகலைக்குக் கொண்டுபோய்ட்டாங்க. ஒன்னப் பாக்க வர்றவங்களுக்கு வீண் பஸ் செலவு.

“ஆம்பளைக்கு மட்டுந்தானா இந்தத் தண்டனை?”ன்னு மொறைக்காத. தாயிக்கு வருமானம் இருந்தா அவளுக்கும் அதே சட்டந்தான். அவ கொழுந்து பறிச்சுத்தான அவன ஏ.எல். வரைக்கும் கொண்டாந்தா? அவ பங்கக் கேக்காமலே கட்டிட்டா.

கடைசியா ஒரு நல்ல சேதி, மருமவனே. 2000ஆம் வருசத்து 9ஆம் இலக்க முதியோர் சட்டப்படி, 60 தாண்டித் தன்னப் பாத்துக்க முடியாத தாய் தகப்பனப் புள்ளைங்க கைவிடக்கூடாது. கைவிட்டா, பராமரிப்புச் சபையில நீயே மனுக் குடுக்கலாம். அதனால இந்த மாசக் காசக் கட்டிட்டு, துண்டப் பத்திரமா எடுத்து வை. நாளைக்குச் சபையில போயி நீ நிக்கிறப்ப, ஒம் மகன் மொதல்ல கேக்கப்போறது அந்தத் துண்டத்தான்.