தட்டோர மீதம்: வியாசர்பாடிச் சிறார் குறித்து ஓர் ஆய்வுரை

ஆய்வுப் பொருள்: வியாசர்பாடியில் பத்து வயதுக்கு உட்பட்டோர் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைக்கும் பண்டங்கள்.

இத்துறையின் முன்னோடிகள் ஆயாக்கள். "கடசி வாய்லதான் சத்தே கீது" என்பது அவர்கள் நிறுவிய தலையாய கோட்பாடு. இதன்படி அதற்கு முன் உண்டதெல்லாம் வெறும் ஒத்திகை. ஆனால் கடைசி வாயை அப்படியே விட்டுவிட்டு முல்லை நகர்ப் பக்கம் பந்து உதைக்க ஓடும் பையன்களின் கால்களைப் பார்த்தால் கோட்பாடு சற்றே ஆட்டம் காண்கிறது. "சோத்த கொட்னா சாமி கண்ணக் குத்தும்" என்பது இரண்டாவது மரபு. கள ஆய்வில் இப்பகுதிக் கண்கள் நலமாகவே உள்ளன.

பிள்ளைகளுக்குச் சோற்றின் அருமை தெரியவில்லை என்பதில் இரு மரபினரும் ஒன்றுபடுகின்றனர். இவ்வாய்வாளருக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளை "போதும்" என்று தட்டை மறைக்கிறது; கரண்டி விரல்களின் மேலேயே கவிழ்கிறது; பின்னர் விரயக் குற்றம் பிள்ளைமீது சாட்டப்படுகிறது. மிச்சத்தை அம்மா வழித்துச் சாப்பிட்டுவிடுவதால் வீட்டுக் கணக்கில் விரயம் சுழியம். (அம்மாவின் வயிறு எந்தக் கணக்கில் வரும் என்பதை இதுவரை எவரும் ஆராயவில்லை.)

அளவு விஷயத்தில் அரசு ஆயாவைவிடக் கறார். 1920-இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சோறு போடத் தொடங்கியபோதே, பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவைத் தாண்டக்கூடாது என்று வரம்பு கட்டினார்கள். 2022-இல் வந்த காலை உணவுத் திட்டத்திலோ அரிசி அல்லது ரவை 50 கிராம், சாம்பாருக்குப் பருப்பு 15 கிராம். ஆயாவின் கரண்டிக்கு எடைக்கல் கிடையாது. "புள்ள எளச்சிப் பூட்ச்சி" என்பது ஒன்றே அளவு.

அளந்து போட்டும் மீந்தது அரிசி உப்புமா. பெரியோர் இதற்குக் கண்ட காரணம் "கொழுப்பு". பிள்ளைகள் மறுத்து வாதாடவில்லை. தொடர்ந்து ஓரத்தில் தள்ளினார்கள், அவ்வளவே. 2025-இல் சட்டப்பேரவையிலேயே அறிவிப்பு வந்தது: திங்கட்கிழமைகளில் உப்புமாவுக்குப் பதில் பொங்கல், சாம்பார். ஆய்வுக்கு உட்பட்டோரே கோட்பாட்டைத் திருத்தியது இத்துறையில் இதுவே முதல்முறை.

பொங்கல் வந்தபின் மிளகு என்னும் புதிய ஆய்வுப்பிரிவு திறந்திருக்கிறது. பொறுக்கி ஒதுக்குவதில் அவர்கள் காட்டும் துல்லியம், கணக்கு நோட்டில் காணக் கிடைக்காதது.