ஐம்பத்தொன்றுக்காரர்

சாவ் பாலோ நகரத்துத் தெருமுனை பார் எதில் நுழைந்தாலும் பச்சை ஜெர்சியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். பால்மெய்ராஸ் கால்பந்து கிளப்பின் ரசிகர். வயது இருபத்தைந்தாகவும் இருக்கலாம், எழுபதாகவும் இருக்கலாம்; 1951ஐப் பற்றிப் பேசும்போது இருவருமே நேரில் பார்த்தவர்கள்தான்.

அவரிடம் சம்பளம் கேட்கலாம், சர்க்கரை அளவு கேட்கலாம். "உங்க கிளப் உலக சாம்பியன் ஆகியிருக்கா?" என்று மட்டும் கேட்கக்கூடாது. பக்கத்து மேசை கொரிந்தியன்ஸ்காரர் அதைத்தான் கேட்பார், தினமும்.

அந்தப் பட்டத்துக்காக ஐரோப்பாவின் சாம்பியனும் தென்னமெரிக்காவின் லிபர்தடோரஸ் சாம்பியனும் 1960 முதல் மோதி வந்தார்கள். 1980க்குப் பிறகு ஜப்பானில் ஒரே ஆட்டம். டோக்கியோவில் உச்சிவெயில் என்றால் பிரேசிலில் நடுராத்திரி. 1981ல் ஃபிளமெங்கோ லிவர்பூலை 3-0 என்று சாத்தியதை ரியோ கண்விழித்துப் பார்த்தது. இன்னும் தூங்கப் போகவில்லை. இங்கிலாந்துக்காரருக்கோ அது லீக் ஆட்டங்களுக்கு நடுவே வந்த ஒரு வெளியூர் அலைச்சல். 2012ல் கிளப் உலகக் கோப்பையில் கொரிந்தியன்ஸ் யோகோஹாமாவில் செல்சியை 1-0 என்று வென்றபோது, காரை விற்று விமானம் ஏறியவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்தான் பக்கத்து மேசையில் நடந்து வந்து உட்கார்ந்திருக்கிறார்.

கேள்வி விழுந்ததும் நம்மவர் போனை எடுப்பார். பட்டா மாறுதலுக்குத் தாலுகா ஆபீஸ் படியேறுகிறவர் மாதிரி, ஆதாரம் ஒவ்வொன்றாக வரும். மஞ்சளேறிய பத்திரிகைப் படம். 1951, மரக்கானா மைதானம், கோப்பா ரியோ. எட்டு அணிகள். இறுதியில் யுவென்டஸ்: முதல் ஆட்டம் 1-0, அடுத்தது 2-2, கோப்பை பால்மெய்ராஸுக்கு. முந்தைய ஆண்டு இதே மைதானத்தில் உருகுவேயிடம் தோற்று அழுத நாட்டுக்கு ஆறுதல் கொடுத்ததே நாங்கள்தான் என்று தொண்டை கம்மும். அதே போட்டியின் முதல் சுற்றில் அதே யுவென்டஸிடம் 0-4 என்று வாங்கிய பக்கம் மட்டும் போனில் திறக்காது. நெட்வொர்க் சரியில்லை.

2014ல் ஃபிஃபா அதை உலக அளவில் நடந்த முதல் கிளப் போட்டி என்று ஒப்புக்கொண்டது. அந்த வாரம் பாரில் பீர் அவர் கணக்கு. 2017ல் அதே ஃபிஃபா, 1960 முதல் 2004 வரை கண்டங்களுக்கிடையே நடந்த கோப்பையை வென்றவர்களையெல்லாம் உலக சாம்பியன்கள் என்று அறிவித்தது. 1951 அந்தப் பட்டியலில் இல்லை. பீர் தனித்தனிக் கணக்கு.

அவர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1999ல் டோக்கியோவில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் ராய் கீன் போட்ட ஒரே கோலில் தோற்றார்கள். அது ஆட்டம், போகட்டும். 2001ல் ஸ்பெயினில் நடக்கவிருந்த உலகப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள், போட்டியே ரத்தானது. அதற்கு முந்தைய ஆண்டு பிரேசிலில் நடந்ததில் கொரிந்தியன்ஸ், லிபர்தடோரஸை ஒருமுறைகூட ஜெயிக்காமலே உலக சாம்பியன் ஆகிவிட்டது. "பாஸ்போர்ட் இல்லாம உலகத்தை ஜெயிச்சவங்கப்பா நீங்க" என்று அவர் சொல்லும்போது பார் முழுக்கச் சிரிக்கும். அன்றைக்கு அவருக்கு அதுதான் வெற்றி.

எதிரணிக்காரர்கள் அவரைச் சீண்ட ஒரு பாட்டு வைத்திருந்தார்கள்: ஜூனியர் கோப்பையும் இல்லை, உலகக் கோப்பையும் இல்லை என்று. 2022 ஜனவரியில் பால்மெய்ராஸ் பையன்கள் சான்டோஸை 4-0 என்று வென்று ஜூனியர் கோப்பையைத் தூக்கினார்கள். பாட்டில் பாதி செத்தது. மீதியையும் அடக்கம் செய்துவிடலாம் என்று மூன்று வாரத்துக்குள் பெரியவர்கள் அணி கிளப் உலகக் கோப்பைக்கு அபுதாபி போனது. கூடுதல் நேரம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது பெனால்டி. செல்சி 2, பால்மெய்ராஸ் 1.

2025 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில், புதிதாக விரிவாக்கிய கிளப் உலகக் கோப்பையின் காலிறுதி. எதிரே மறுபடியும் செல்சி. மறுபடியும் 2-1. பால்மெய்ராஸின் ஒரே கோலைப் போட்ட எஸ்தேவாவ், ஏற்கெனவே செல்சிக்கு விற்றாகிவிட்ட பையன்.

ஆகவே சாவ் பாலோ பக்கம் போனால், பச்சை ஜெர்சியைப் பார்த்ததும் பேச்சை நீங்களே தொடங்குங்கள்: "1951ல நீங்க ஜெயிச்சீங்களாமே?" இரவு முழுக்க பீருக்குக் காசு கேட்க மாட்டார். செல்சி என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். பில் உங்கள் தலையில்தான்.