லெஸ் பாலும் லோக்கல் ரயிலும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எலெக்ட்ரிக் கிட்டார் பற்றியவை. எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்: ‘சத்தம் அருமை, உடம்புதான் தாங்கவில்லை.’ ஆகவே அரசியலுக்கும் சினிமாவுக்கும் இந்த இதழில் விடுமுறை.

செகண்ட் ஹேண்டில் ஒரு லெஸ் பால் வாங்கினேன். ஒலி அமிர்தம். ஆனால் அரை மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள் கழன்றுவிடுகிறது. என்ன செய்ய?
*கல்லூரி மாணவர், வடாலா மேற்கு*

உட்கார்ந்து வாசியுங்கள். பிடிக்காதே? உட்கார்ந்தால் ராக் ஸ்டார் களை வராது என்பீர்கள். சரி, அடுத்த வைத்தியம்.

1952இல் கிப்சன் கம்பெனி வெளியிட்ட இந்த மாடலுக்கு உடம்பு கனத்த மஹோகனி, மேலே மேப்பிள் மூடி. பெரும்பாலும் நாலு கிலோவைத் தாண்டும். 1970களில் செய்தவற்றில் ஐந்தைத் தொட்டவையும் உண்டு. அவ்வளவும் இரண்டங்குல நைலான் பட்டை வழியாக ஒரே தோளில் இறங்குகிறது. மூன்று, மூன்றரை அங்குல அகலத்தில் தோல் பட்டைக்கு மாறுங்கள். எடை குறையாது; பரவும்.

இதற்காக வெளிநாட்டிலிருந்து பார்சல் வரவழைக்க வேண்டாம். சயான் பக்கம் போனால் தாராவித் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்களின் உழைப்பும் சேர்ந்து வளர்த்த தொழில் அது. பெல்ட் தைக்கிற ஒருவரிடம் நீளம், அகலம் சொல்லி, இரண்டு முனையிலும் பட்டன் துளை கேளுங்கள். உள்பக்கம் பாலிஷ் வேண்டாம், சொரசொரப்பாகவே இருக்கட்டும் என்றும் சொல்லிவிடுங்கள். ஏன் என்பது இன்னொருவருக்கான பதிலில் வருகிறது.

எடை குறைந்த கிட்டார் வாங்கினால் அந்த ஒலி வராது என்கிறாரே என் நண்பர்?
*செம்பூர் வாசகர்*

நண்பர் கனமான கிட்டாருக்குச் சொந்தக்காரராக இருப்பார்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒலியைப் பிடிப்பது பிக்கப். காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செப்புக் கம்பி. மேலே உருக்குக் கம்பி அதிர்ந்தால் இதில் மின்சாரம் பிறக்கும். மரத்துக்கு எவ்வளவு பங்கு என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். லெஸ் பால் என்ற மனிதரே 1940 வாக்கில் நாலங்குலச் சதுரக் கட்டை ஒன்றில் கம்பியும் பிக்கப்பும் பூட்டி வாசித்தார். அதற்கு ‘லாக்’ என்று பெயர். வெறும் கட்டையைக் கண்டு சபை முகம் சுளித்தது. ஒரு எபிஃபோன் கிட்டாரின் உடம்பை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு போனார், கைதட்டினார்கள். ஒலி கட்டையிலிருந்து வந்தது. இறக்கைகள் கண்ணுக்காக.

1980களில் கிப்சனும் உடம்புக்குள் வட்ட வட்டமாகத் துளை போட்டு எடையைக் குறைக்க ஆரம்பித்தது. அதைக் காதால் கண்டுபிடித்தவர்களைவிட எக்ஸ்ரேயில் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

அந்த லெஸ் பாலுக்கு உடம்பு வலித்ததே இல்லையா?
*அதே செம்பூர் வாசகர்*

1948இல் கார் விபத்தில் அவருடைய வலது முழங்கை நொறுங்கியது. இனி மூட்டு மடங்காது, ஏதாவது ஒரு கோணத்தில் நிலையாகத்தான் வைக்க முடியும் என்றார்கள் டாக்டர்கள். ‘கிட்டார் வாசிக்கிற கோணத்தில் வையுங்கள்’ என்றார். அப்படியே வைத்தார்கள். 94 வயது வரை வாழ்ந்து, கடைசிக் காலத்திலும் மேடையேறிக்கொண்டிருந்தார். நாமெல்லாம் ஸ்ட்ராப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

டெலிகாஸ்டர் விளிம்பு விலாவில் குத்துகிறது. வலது முன்கையிலும் கோடு விழுகிறது. என் உடம்பு குறையா, கிட்டார் குறையா?
*ஆன்டாப் ஹில் வாசகர்*

செய்தவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பதுதான் குறை. லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்காரர். 1950இல் அவர் கொண்டுவந்த கிட்டார் நேராக அறுத்த பலகை. செய்வது சுலபம், உடைவது கடினம், ஒலி கண்ணாடிச் சில்லு மாதிரி தெறிக்கும். வாங்கி வாசித்தவர்கள் உங்கள் புகாரையே சொன்னார்கள். பாராட்ட வேண்டியது, அவர் காது கொடுத்துக் கேட்டதை. 1954இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் விலா படுகிற இடத்தையும் கை படுகிற இடத்தையும் சரிவாகச் செதுக்கிவிட்டார்கள். உலகம் முழுக்க இன்று காப்பியடிக்கப்படும் கிட்டார் வடிவம் விலா வலியில் பிறந்தது.

வேடிக்கை என்னவென்றால் டெலிகாஸ்டரும் சாகவில்லை. அந்தத் தெறிப்புக்காக எழுபது வருடத்துக்கு மேலாக ஜனங்கள் விலாவைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு முடியவில்லை என்றால் சரிவு செதுக்கிய டெலிகாஸ்டர்களும் கிடைக்கின்றன. இருப்பதை அரத்தால் ராவ நினைத்தால், முதலில் அது உங்கள் சொந்தக் கிட்டார்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிப்சன் எஸ்ஜி வைத்திருக்கிறேன். கையை எடுத்தால் தலைப்பக்கம் தரையைப் பார்த்துச் சாய்கிறது.
*சயான் கோலிவாடா வாசகர்*

உடம்பு மெல்லிசு, கழுத்து நீளம், ஸ்ட்ராப் பட்டனோ கழுத்து சேரும் இடத்தில். சாயாமல் என்ன செய்யும்? இடது கை சுரம் பிடிக்கிற வேலையோடு சுமை தூக்கும் வேலையும் பார்க்கிறது. முதலாமவருக்குச் சொன்ன சொரசொரப்புத் தோல் இங்கேதான் உதவும்: சட்டையைக் கவ்விப் பிடித்து நழுவ விடாது. 1961இல் இந்த வடிவம் லெஸ் பால் பெயரோடுதான் வந்தது. அவருக்கே பிடிக்கவில்லை. இரண்டு வருடத்தில் பெயர் போய்விட்டது.

ஃப்ளையிங் வி எப்படி? உட்கார்ந்து வாசிக்க முடியுமா?
*பெயர் எழுத மறந்த வாசகர்*

முடியும், தொடையை அந்த ‘வி’ வடிவத்தின் இரு இறக்கைக்கும் நடுவே கொடுத்து. 1958இல் முதலில் வந்தபோது தொடையில் வழுக்காமலிருக்க விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டியே விற்றார்கள். முதல் இரண்டு வருடத்தில் நூறு கூட விற்கவில்லை. இன்று அந்த நூறுக்குள் ஒன்று கிடைத்தால் நீங்கள் அதன் மேல் உட்கார மாட்டீர்கள், பக்கத்தில்கூட உட்கார மாட்டீர்கள்.

தடித்த கம்பி போட்டால்தான் தடித்த ஒலி வருமாமே? 11 போட்டு விரல் கிழிகிறது.
*தாராவி, 90 அடி சாலை*

இந்த நம்பிக்கைக்குக் காரணம் டெக்சாஸ் கிட்டார்காரர் ஸ்டீவி ரே வான். 13இல் தொடங்கும் கம்பி போட்டு வாசித்தார் (அங்குலத்தில் ஆயிரத்தில் பதின்மூன்று பங்கு). ஆனால் அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. விரல் தோல் பிய்ந்தால் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டிக்கொள்வார் என்பதையும் சொல்வதில்லை. அதே டெக்சாஸில் ஸிஸி டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7இல் தொடங்கும் நூலிழைக் கம்பியில் வாசிக்கிறார். கண்ணை மூடிக் கேட்டால் எவரும் மெலிந்த ஒலி என்று சொல்ல மாட்டார்கள்.

கணக்கும் பார்த்துவிடுங்கள். ஒரே சுருதியில் இழுவிசை கம்பிக் குறுக்களவின் வர்க்கத்தோடு ஏறும். 9இலிருந்து 11க்குப் போனால் முதல் கம்பியில் ஏறத்தாழ ஐம்பது சதவீதம் கூடுதல் இழுப்பு. தம்பி, 9 போடுங்கள். ஆம்ப்ளிஃபயரில் பேஸ் குமிழை ஒரு கோடு திருப்புங்கள். தோல் மிஞ்சும்.

என் பேரன் விரல் நுனி கன்றிப்போய் வருகிறான். நான் வீணை வாசித்தவள். எனக்கும் தழும்பு உண்டு. ஆனால் அவனுக்கு மணிக்கட்டும் வலிக்கிறதாம். பொறுத்துக்கொள் என்று சொல்லலாமா?
*மாட்டுங்கா பாட்டி*

நுனிக்குச் சொல்லலாம் பாட்டி, மணிக்கட்டுக்குச் சொல்லக்கூடாது. விரல் காய்த்துவிட்டால் வலி நின்றுவிடும், மணிக்கட்டு காய்க்காது. விரல் மரத்துப்போகிறது என்றால் கிட்டாரை வைத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

அதற்கு முன் கிட்டாரைப் பாருங்கள். தொடக்கக்காரர்களுக்கு விற்கும் மலிவுக் கிட்டார்களில் கம்பி பெரும்பாலும் ஆகாயத்தில் நிற்கும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே இடைவெளி இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும். தலைப்பக்கம் ‘நட்’ என்று ஒரு எலும்புத் துண்டோ பிளாஸ்டிக் துண்டோ இருக்கும். அதன் பள்ளங்கள் ஆழமில்லாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் எஃப் கார்டு பிடிக்க பயில்வான் வேண்டும். பழகிய கை ஒன்று சின்ன அரத்தோடு உட்கார்ந்தால் தீருகிற விஷயம். எத்தனையோ பேர் ‘எனக்கு சங்கீதம் வராது’ என்று கிட்டாரைப் பரணில் போட்டது இந்தத் துண்டால்தான் என்பது என் சந்தேகம்.

சண்முகானந்தாவில் ஐம்பது வருடமாகக் கச்சேரி கேட்கிறேன். கமகத்துக்கு ஒத்துவராத வாத்தியம் கிட்டார் என்கிறேன் நான். மறுக்க முடியுமா?
*ரசிகர், கிங்ஸ் சர்க்கிள்*

பாதி மறுக்கிறேன். கடையில் வாங்கிய நிலையில் ஒத்துவராது என்றால் ஒப்புக்கொள்கிறேன். பழைய ஃபெண்டர்களில் ஃப்ரெட்போர்டு குறுக்குவாட்டில் நன்றாக வளைந்திருக்கும். ஏழேகால் அங்குல ஆரம். கார்டு பிடிக்கக் கைக்கு சுகம். ஆனால் கம்பியை ஓரத்துக்கு இழுத்தால் நடுமேட்டில் தட்டி ஊமையாகிவிடும். இழுப்புதானே நமக்கு உயிர்? வீணையில் மெழுகின் மேல் உயர்ந்து நிற்கிற மெட்டுகள். விரல் மரத்தைத் தொடுவதே இல்லை, கம்பி இஷ்டத்துக்கு வரும்.

கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் இதைப் புரிந்துகொண்டார். 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் சக்தி குழு தொடங்கியபோது, ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்தெடுத்த கிட்டார் ஒன்றைச் செய்யச் சொன்னார். அழுத்தினால் சுருதி ஏறும், வீணையைப் போலவே. வழக்கமான கிட்டார்காரர் கையில் அதைக் கொடுத்தால் ஒவ்வொரு கார்டும் அபஸ்வரமாகும். அவருக்கு அது மகா அசௌகரியமான வாத்தியம். உங்களுக்குத் தேவைப்படுவதோ அந்த அசௌகரியம்தான்.

நம் ஊர்க்காரர்கள் இன்னும் தைரியசாலிகள். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் எடுத்த வாத்தியத்தில் நாலு ஜோடிக் கம்பிகள். ஜோடியை இழுத்துக் கமகம் கொண்டுவருவது பெரும்பாடு. ஜோடியைக் கலைத்து ஒற்றைக் கம்பி ஐந்தாக்கி, எலெக்ட்ரிக் ஆக்கினார். அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும், நீங்களே கேட்டிருப்பீர்கள். மெக்லாஃப்லினோடு அவர் வாசித்த ஒரு ஆல்பத்தின் பெயரே ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’. எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக இசை வாசிக்கிறார் ராணிப்பேட்டையில் பிறந்த ஆர். பிரசன்னா, சென்னை ஐஐடியில் கப்பல் கட்டப் படித்தவர். அவர் தோடி வாசிப்பதைக் கேட்டுவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள். ஐம்பது வருட ரசிகரோடு சண்டை போடுவது எனக்குப் பிடிக்கும்.

மழைக்காலம் வந்தால் என் கிட்டார் வேறு கிட்டார் ஆகிவிடுகிறது. பேய் பிடித்திருக்கிறதா?
*வடாலா கிழக்கு*

ஈரம் பிடித்திருக்கிறது. ஜூலையில் மும்பைக் காற்றில் மரம் தண்ணீர் குடித்து உப்பும், கழுத்து வளையும், கம்பி உயரும். ஏசி அறையில் மாதக்கணக்கில் வைத்தால் நேர் எதிர்: மரம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் கீறும். உங்கள் பகுதிக்கு உப்பளக் காற்று வேறு. கம்பி துருப்பிடித்தால் விரலில் உப்புத்தாள் தேய்ப்பதாகத் தோன்றும். வாசித்து முடித்ததும் துணியால் துடையுங்கள், சின்னச் செலவுக்குப் பெரிய பலன்.

கழுத்துக்குள் ‘ட்ரஸ் ராட்’ என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. வளைவை அதைத் திருகிச் சரிசெய்யலாம். ஒரு நாளைக்குக் கால் சுற்று. அதற்கு மேல் போகிறவர்கள் மெக்கானிக் ஆகிறார்கள், பிறகு புது கிட்டார் வாங்குகிறார்கள்.

இன்னொரு செய்தி: உங்கள் விரல் ஓடுகிற அந்தக் கரும்பழுப்புப் பலகை பெரும்பாலும் இந்திய ஈட்டி மரம். இந்த மரத்தை இறக்குமதி செய்த விவகாரத்தில் 2011இல் அமெரிக்க அரசு கிப்சன் தொழிற்சாலையில் சோதனை போட்டது. மடகாஸ்கர் கருங்காலி வழக்கும் சேர்ந்திருந்ததால், மறு வருடம் மூன்று லட்சம் டாலர் அபராதம் கட்டி சமரசத்துக்கு வந்தார்கள். நம் மலைக்காட்டு மரம் எத்தனை ஊர் சுற்றி, எத்தனை வம்பில் மாட்டி, உங்கள் மடிக்கு வந்திருக்கிறது பாருங்கள். துடைத்து வையுங்கள்.

ஹார்பர் லைனில் காலை ஒன்பது மணிக்கு கிட்டாரோடு ஏற வழி உண்டா?
*குர்லா போகும் கிட்டார் வாத்தியார்*

ஏறுவதற்கு வழி வேண்டாம், பின்னால் இருப்பவர்கள் ஏற்றிவிடுவார்கள். இறங்குவதுதான் கலை. பையை முதுகில் அல்ல, முன்னால் மாட்டுங்கள். மும்பை முழுக்க அப்படித்தான் மாட்டுகிறது. தலைப்பக்கம் மேலே. மேல் கைப்பிடிகளில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1980 வாக்கில் நெட் ஸ்டைன்பெர்கர் தலையே இல்லாத கிட்டார் வகையைக் கொண்டுவந்தார். சுருதிக் குமிழ்கள் அடிப்பக்கம். அவர் ஹார்பர் லைனில் பயணம் செய்ததாகத் தகவல் இல்லை, ஆனால் நமக்காகவே செய்த மாதிரி இருக்கிறது.

கணவர் ஏழு கிட்டார் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றும் ‘கைக்கு சரியாக அமையவில்லை’ என்கிறார். எட்டாவது வாங்கப் போகிறாராம்.
*பெயர் வேண்டாம், செம்பூர்*

ஏழிலும் ஒரே இடத்தில் வலிக்கிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் கிட்டாரை விட்டுவிட்டு நாற்காலியை மாற்றுங்கள். கைப்பிடி வைத்த சோபாவில் சாய்ந்துகொண்டு வாசித்தால் எட்டாவதும் சரியாக அமையாது.

எல்லாம் செய்தாகிவிட்டது. பட்டை, கம்பி, நட், ட்ரஸ் ராட். ஒலி இன்னும் தேவகானம். கையில் எடுக்கத்தான் மனம் வரவில்லை. விற்றுவிடலாமா?
*ஃபைவ் கார்டன்ஸ் அருகே வசிப்பவர்*

விற்றுவிடுங்கள். விளம்பரத்தில் ‘அதிகம் வாசிக்கப்படாதது’ என்று எழுதுங்கள். செகண்ட் ஹேண்ட் விளம்பரத்தில் உண்மை சொல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைக்காது.