பம்ப்புக்குள்ள கெணறு

வா கண்ணு, திண்ணையில உக்காரு. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பேட்டன் பட்டறையில உன்ற ஃபைல் தொறக்கலியாக்கும்?

தொறக்காதுதான். நீ வரைஞ்சது 2025 சாலிட்வொர்க்ஸ். அவங்கிட்ட இருக்கறது 2019. புதுசு பழசத் தொறக்கும், பழசு புதுச ஏறெடுத்தும் பாக்காது. 2024-ல இருந்து பழைய பதிப்பாச் சேமிக்க வழி விட்டிருக்கறான், அதுவும் ரெண்டு வருசம் பின்னால வரைக்கும்தான். உனக்கென்ன, உன்ற ஒரு பம்ப் கேசிங்குக்காக அவன் லச்சக்கணக்குல கொட்டிப் புதுசு வாங்கட்டும். எருமைய வித்தாவது வாங்குவான்.

என்னது, எஸ்டிஎல்லா மாத்திப் போட்டுட்டியா? கெட்டிக்காரன்! அது வெறும் முக்கோணச் சல்லடை. அதுல நம்பர் இருக்கும், மில்லியா அங்குலமான்னு எழுதியிருக்காது. உன்ற 150 மில்லி கேசிங்க அவன் அங்குலம்னு எடுத்துக்கிட்டா பன்னெண்டரை அடி. அப்பறம் கெணத்துக்குள்ள பம்ப்ப எறக்கறதா, பம்ப்புக்குள்ள கெணத்த எறக்கறதா?

ஸ்டெப் ஃபைல் இருக்குது, 1994-ல ஐஎஸ்ஓ போட்ட பொதுப்பாதை. உருவம் பெரும்பாலும் பத்தரமாப் போய்ச் சேரும். ஆனா எந்தத் துளைய எப்பப் போட்டே, எந்த முனைய எவ்வளவு உருட்டுனேங்கற வரலாறு கூடப் போகாது. காஸ்டிங் வந்துருச்சு, கோர் பெட்டி வரலீன்னு வெச்சுக்கோ. அதுலயும் ஒரு மென்பொருள் மில்லியில லச்சத்துல ஒரு பங்கு இடைவெளியவே ஓட்டைங்கும், இன்னொண்ணு ஆயிரத்துல ஒரு பங்கையும் ஒட்டுனதுன்னு ஒத்துக்கும். இவன் மூடிக் கட்டுன மூட்டை அவன் வீட்டுல பிரிஞ்சு கெடக்கறது இதனாலதான்.

வெசனப்படாத, பெரிய எடமும் மாட்டியிருக்குது. ஏர்பஸ் ஏ380-க்கு ஹாம்பர்க்ல கேட்டியாங்கற மென்பொருளோட வி4 பதிப்பு, துலூஸ்ல வி5. ஒரு விமானத்துக்குள்ள ஓடற வயரு சுமார் 530 கிலோமீட்டர். கோயமுத்தூர்ல இருந்து மெட்ராசு போயும் மிச்சம். அம்புட்டு வயர வெச்சுக்கிட்டு மாட்டப் போனா, பல எடத்துல எட்டல! முதல் விமானம் சிங்கப்பூர்க்காரன் கைக்குப் போனது 2007 அக்டோபர்ல, ரெண்டு வருசத்துக்குக் கிட்டத் தாமசம். அவிய கூடச் சேந்துட்ட, பெருமைதான் போ.

நானும் லேசுப்பட்டவனில்ல. எங்கிட்ட இருந்த பேட்டன் ஆசாரி ஸ்கேல்ல நூறு மில்லின்னா நெசத்துல நூத்தியொண்ணு. வார்ப்பிரும்பு ஆறையில சுருங்குமே, அதுக்கு முன்கூட்டியே நீட்டி வெச்ச ஸ்கேல். ஒருக்கா பக்கத்துத் தச்சன் எரவல் கேட்டான், குடுத்தேன். எதுக்குன்னு கேக்கல. அவன் அதுல அளந்து கதவு செஞ்சு நெலவுல மாட்டப் போனா, ஒரு கட்டை வெரல் அகலம் ஒசரம் சாஸ்தி. சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டுது. ஒரு வாரம் நான் பின்வாசல் வழியாத்தான் போய் வந்தேன்.

போனை எடு. பேட்டன்காரங்கிட்ட என்ன மென்பொருள், எந்த வருசம், மில்லியா அங்குலமான்னு கேளு. ஸ்டெப்போட அளவு போட்ட வரைபடம் ஒண்ணையும் பிடிஎஃப்பாச் சேத்து அனுப்பு. அதுக்குள்ள அம்மிச்சிகிட்ட டீ சொல்றேன்.

அந்த ஸ்கேல் இன்னும் தச்சங்கிட்டத்தான் இருக்குது.