உப்புத்தாள் வீரர்

சென்னையில் லெதர் ஜாக்கெட் போட்டுக்கொண்டு திரிகிறவரைப் பார்த்தால் நமக்கு இரக்கம் வருகிறது. புழுக்கத்தில் மனுஷன் வெந்துகொண்டிருப்பாரே என்று. அவருக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஜாக்கெட் புதுசாக இருக்கிறதே என்பதுதான் அவருடைய துயரம்.

இவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். முப்பத்தைந்துக்கும் நாற்பத்தைந்துக்கும் நடுவில் ஒரு வயது. வாரத்தில் ஐந்து நாள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஏதோ ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் ஏசிக் குளிரில் உட்கார்ந்திருப்பார். ஞாயிறு விடிந்தும் விடியாமலும் தவணை இன்னும் முடியாத புல்லட்டை உதைத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மகாபலிபுரம் வரை போய், இட்லி வடை சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார். இதற்கு ரைடு என்று பெயர். அந்த ரைடுக்காக வாங்கிய ஜாக்கெட் புது மாப்பிள்ளை மாதிரி தோளை விறைத்துக்கொண்டு நிற்கிறது. கையை மடக்கினால் கறக் என்கிறது. இருபது வருஷம் லடாக் காற்றில் அடிபட்ட தோற்றம் வேண்டும் அவருக்கு. இருபது நாள் காத்திருக்கப் பொறுமை கிடையாது.

பெரியமேட்டுக் கடையில் வாங்கும்போதே சிக்கல் ஆரம்பித்துவிட்டது. "பாருங்க சார், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கு. ஒரு கீறல் விழாது, நான் கேரண்டி" என்றார் கடைக்கார பாய். நம்மவர் முகம் தொங்கிப்போயிற்று. "கீறல் விழற மாதிரி எதுவும் இல்லையா பாய்?" பாய் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே குரல் கொடுத்து, ஏற்றுமதியில் கழித்துப்போட்ட ஒன்றை எடுத்து வரச் சொன்னார். முதுகில் முள்வேலி கிழித்த தழும்பு, பக்கத்திலேயே உண்ணி கடித்த புள்ளிகள். மாடு வாழ்ந்த வாழ்க்கை அப்படியே தெரிந்தது. நம்மவர் அதைத் தடவிக் கொடுத்தார். பாய் சொன்ன விலைக்கு மேலேயே தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். சைஸ் சேரவில்லை. மாடு பட்ட கஷ்டம் இன்னொருவருக்குப் போயிற்று, இவருக்குப் பளபளப்புதான் வாய்த்தது.

விஷயம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். தோலைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காபி ஆறிவிடும். மேல்புறம் இயற்கையாக இருந்தபடியே விட்டால் ஃபுல் கிரெயின். அதைத் தேய்த்துச் சமன் செய்து வண்ணம் பூசினால் கரெக்டட் கிரெயின். கழிவுத் துணுக்குகளை அரைத்துப் பசை போட்டு ஒட்டினால் பாண்டட். ரெக்சின் உரிவதைப் பழசாவதில் அவர் சேர்ப்பதே இல்லை, அது வியாதி என்பார்.

உள்ளூர்க்காரராக அவருக்கு இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. ஒரு காலத்தில் ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்கில் ஊறப்போட்டுத் தோலைப் பதனிட்டார்கள். அந்தத் தோல் வெயிலும் கையெண்ணெயும் பட்டால் போதும், யாரையும் கேட்காமல் தானே கருத்து அழகாகிவிடும். குரோம் உப்பு வந்தது. வேலை ஓரிரு நாளில் முடிந்தது. குரோம் தோல் மிருதுவானது, தண்ணீரைத் தாங்கும், ஆனால் நிறம் மாறச் சொன்னால் அடம் பிடிக்கும். இன்றைய ஜாக்கெட்டுகளில் பெரும்பாலானவை அந்த ஜாதிதான். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் லெதர் கம்பெனியால். மின்சார ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்கும்போதெல்லாம் நம்மவர் பெயர்ப்பலகையை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஹால் பட்டறையாகிறது. மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய சர்ஜிகல் ஸ்பிரிட், ஒரு கட்டுப் பஞ்சு, 400 நம்பர் உப்புத்தாள், மனைவியைக் கேட்காமல் எடுத்த நெயில் பாலிஷ் ரிமூவர். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தால் மேல்பூச்சு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும், பஞ்சு கருக்கும். அதற்கப்புறம் உப்புத்தாள்.

எங்கே தேய்ப்பது என்பதில்தான் அவர் கலைஞர். கண்ட இடத்தில் தேய்க்கிறவர்களை அவர் மதிப்பதில்லை. முதலில் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார், உட்காருவார், பாக்கெட்டில் கைவிட்டுச் சாவியை எடுப்பார், திரும்பப் போடுவார். உரசுகிற இடத்திலெல்லாம் தையல்காரர் சாக்பீஸால் ஒரு கோடு. வலதுகைக்காரர் என்பதால் வலது பாக்கெட் விளிம்பு அதிகம் தேயணும். முழங்கை தேயணும். மணிக்கட்டு ஓரம், காலர் மடிப்பு, ஜிப்பின் இரு கரை. நியாயமாகப் பார்த்தால் இடது தோளில் லேப்டாப் பையின் பட்டை உரசும் இடமும் தேய வேண்டும். லடாக்கில் லேப்டாப் பை எதற்கு? அந்தக் கோட்டை அழித்துவிடுவார். வண்டியில் குனிந்து உட்காரும்போது பெட்ரோல் டாங்கில் முட்டுகிற தொப்பைப் பகுதியைப் பற்றிய கேள்வி எழவே இல்லை.

மனைவி தூக்கக் கலக்கத்தில் எட்டிப் பார்த்தால் ஆதாரம் தயாராக இருக்கும். 1981இல் வந்த முதல் இண்டியானா ஜோன்ஸ் படம். உடை வடிவமைத்த டெபோரா நடூல்மன், ஹாரிசன் ஃபோர்டின் பேனாக்கத்தியையும் ஒரு கம்பி பிரஷ்ஷையும் வைத்து உட்கார்ந்து புத்தம்புது ஜாக்கெட்டைச் சுரண்டிச் சுரண்டிப் பழசாக்கினாராம்.

"அந்தம்மாவுக்கு அதுக்குச் சம்பளம் குடுத்திருப்பாங்க" என்று சொல்லிவிட்டு மனைவி படுக்கப் போய்விடுவார்.

அடுத்த கட்டம் நனைத்தல். தண்ணீரைத் தெளித்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டு, காய்கிறவரை கழற்றாமல் இருக்க வேண்டும். ஈரத்தோல் உடம்பின் மடிப்புகளைப் பிடித்துக்கொண்டு காயும்போது அப்படியே நின்றுவிடும். சூத்திரத்தில் தப்பில்லை. வறண்ட காற்று அடிக்கிற ஊருக்கு எழுதிய சூத்திரம், அவ்வளவுதான். சென்னை மே மாதத்தில் வெளிப்பக்கம் காய்ந்துகொண்டிருக்க, உள்பக்கத்தை இவரே விடாமல் நனைத்துக்கொண்டிருந்தார். ஞாயிறு காலை பத்து மணிக்குப் போட்டதை இருட்டியும் கழற்ற முடியவில்லை. பார்சல் கொண்டுவந்த பையன் ஓடிபி கேட்டுவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான். அம்மா மட்டும் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார். "என்னடா, குளிர் ஜுரமா? சொல்ல மாட்டியா? மிளகு கஷாயம் வெச்சுத் தரேன்." ஜாக்கெட்டோடு உட்கார்ந்து கஷாயம் குடித்தார். விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

ஸ்பிரிட் பட்ட தோல் வறண்டுபோகும். இழந்த கொழுப்பைத் திரும்ப ஊட்ட வேண்டும். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கிற நீட்ஸ்ஃபுட் எண்ணெய்தான் அதற்கு முறை. ஆர்டர் போட்டால் வர நாளாகும் என்று சமையலறையில் இருந்த தேங்காய் எண்ணெயை எடுத்துவிட்டார். தோள்பட்டை திட்டுத்திட்டாகக் கருத்தது. பின்சீட்டில் உட்கார்ந்த மனைவி மகாபலிபுரம் வரை தலையைத் திருப்பிக்கொண்டே வந்தார்.

இத்தனைக்கும் அவர் தேடுகிற பொருள் மாநகரப் பேருந்தில் தினமும் போய்க்கொண்டிருக்கிறது. வண்டியை சர்வீஸுக்கு விட்ட ஒரு நாள் பஸ்ஸில் ஏறியவர், கண்டக்டர் தோளில் தொங்கிய தோல்பையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கட்டைவிரல் தூக்கித் தூக்கி மூடியின் ஓரம் கருத்து மினுங்குகிறது. சில்லறை கனத்து அடிப்பக்கம் தொந்தி போட்டிருக்கிறது. பட்டை அந்தத் தோளின் சரிவுக்கென்றே வளைந்திருக்கிறது. ஓரத் தையல் ஒரு இடத்தில் விட்டுப்போய் வேறு நிற நூலில் தைத்திருக்கிறார்கள். அநேகமாக ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலாகத்தான் இருக்கும். உப்புத்தாள் இல்லை, ஸ்பிரிட் இல்லை, நடுராத்திரி முழிப்பு இல்லை. அந்த மனிதருக்கு அது அழகாக இருப்பதே தெரியாது.

"அண்ணே, இது எத்தனை வருஷமா வெச்சிருக்கீங்க?"

"எது?"

"பை."

"நீங்க எங்க போகணும், அதச் சொல்லுங்க முதல்ல. சில்லறையாக் குடுங்க."

ஒருவழியாக ஜாக்கெட் தேறிவிட்டது. பெருமைக்குச் சொல்லவில்லை, நன்றாகவே வந்திருக்கிறது. முழங்கையில் பழுப்பு தெரிகிறது, காலர் சோர்ந்து மடிகிறது, கறக் சத்தம் நின்றுவிட்டது. இப்போது யாராவது "புதுசா?" என்று கேட்டால் அவமானம். "ரொம்பப் பழசு போல?" என்றால் தலையை லேசாக ஆட்டிவிட்டுத் தூரத்தில் பார்ப்பார். லடாக் என்று வாய் விட்டுச் சொல்ல மாட்டார். கேட்பவராக அந்த முடிவுக்கு வர வழிவிடுவார். உண்மையில் அவர் ஏறிய உயரம் ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், இறங்கியதும் ஆம்பூரில் பிரியாணி.

போன ஞாயிறு மகாபலிபுரம் ஹோட்டல் வாசலில் இன்னொரு புல்லட் வந்து நின்றது. இறங்கியவர் அணிந்திருந்ததும் பழைய ஜாக்கெட். இருவரும் ஒருவர் முழங்கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை வருஷம் இருக்கும்?" என்றார் வந்தவர்.

"இருக்கும் ஒரு பத்து, பன்னெண்டு. உங்களது?"

"எங்க சித்தப்பாவோடது. மிலிட்டரில இருந்தார்."

நம்மவர் மனசுக்குள் சபாஷ் போட்டார். வந்தவர் குனிந்து, திறந்திருந்த ஜிப்புக்குள் ஒரு பார்வை பார்த்தார். உள்ளே லைனிங் துணி சந்தனக் கலரில் கசங்காமல் மின்னியது. துவைக்கும் முறை எழுதிய லேபிள் கூடச் சுருங்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. புருவத்தை மட்டும் ஒருமுறை உயர்த்திவிட்டுக் கைகழுவப் போனார்.

அன்று ராத்திரி பதினோரு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. அடுப்பில் பெரிய பாத்திரம், அது நிறையத் தேயிலைத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஜாக்கெட்டை உள்புறம் வெளியே வரத் திருப்பி மேடைமேல் விரித்திருந்தார். கையில் பழைய பெயின்ட் பிரஷ். மனைவி கதவில் சாய்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை போட்டுடாதீங்க," என்றார். "எறும்பு வரும்."